மிட்டாய் வேண்டாமென்ற சிறுமியர்

இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்ற ஒப்பாரி ஓயாமல் கேட்கிறது. தெருமுனையிலே நிற்கிறார்கள், திண்ணையிலே சீட்டாடுகிறார்கள், திரையே கதியென்று கிடக்கிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், குறும்பு செய்கிறார்கள் என்று பெரியவர்கள் பட்டியல் வாசிக்கிறார்கள். பட்டியல் நீளமானது, மிகப் பழமையானதுங்கூட. வாசிப்போரைப் பார்த்து நாம் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்விதான். தெருமுனையிலே நிற்காதே என்கிறீர்களே, நிற்பதற்கு வேறு இடம் கொடுத்தீர்களா?

இந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலே ஒரு பெண்மணி கேட்டார். கேட்டதோடு நின்றாரில்லை. இடம் தேடிக் கொடுத்தார். இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும் என்று கண்டார். அந்த நேரத்தைப் பறித்துக்கொண்டவர்களோடு போராடினார். ஜேன் ஆடம்ஸ் என்பது அவர் பெயர். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் என்று உலகம் அவரை அறியும். நாம் இன்று சொல்லப்போவது அந்தப் பரிசின் கதையை அல்ல. ஒரு நகரத்தின் ஒரு மூலையிலே, ஒரு வார்டிலே, ஏழைச் சிறுவர் சிறுமியர் ஆடிப்பாட வழி செய்வதற்காக அவர் பட்ட பாட்டின் கதையை.

1860ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள், இல்லினாய் மாநிலத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரிலே அவர் பிறந்தார். தந்தை மாவாலைக்குச் சொந்தக்காரர், செல்வர், மாநில மேலவையிலே உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனின் நண்பர். குறையொன்றும் இல்லாத குடும்பம் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். ஆனால் இரண்டு வயதிலே குழந்தை தாயை இழந்தது. சின்னஞ்சிறு வயதிலேயே முதுகெலும்பைக் காசநோய் தாக்கிற்று, முதுகு வளைந்தது. கம்பீரமான அந்தத் தந்தையின் மகளா இந்த அழகற்ற பெண் என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என அஞ்சி, அயலார் வரும்போது அவரருகே நடக்கவே கூசிற்றாம் அந்தக் குழந்தை. இந்தக் கூச்சத்தை வாசகர் நினைவிலே வைத்திருக்கட்டும். பின்னாலே அது பயன்படும்.

ஏழு வயது நிறையுமுன் ஒரு நாள், தந்தையோடு பக்கத்து நகருக்குப் போனபோது, ஏழைகள் குடியிருக்கும் பகுதியைச் சிறுமி முதன்முதலாகக் கண்டாள். இடுங்கிய வீடுகள், அழுக்குச் சந்துகள். இப்படிப்பட்ட வீடுகளிலே மனிதர் ஏன் வாழ்கிறார்கள் என்று தந்தையைக் கேட்டாள். விடை கிடைத்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். பெரியவளானதும் பெரிய வீடு ஒன்றிலே வாழ்வேன். ஆனால் அந்த வீடு பெரிய வீடுகளுக்கிடையே இராது, இதுபோன்ற சிறு வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கும் என்றாள். குழந்தை எதையோ சொல்லிற்று என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்தக் குழந்தை சொன்னதை மறக்கவில்லை.

ராக்போர்டு பெண்கள் கல்லூரியிலே படித்து முடித்தது 1881இல். அதே ஆண்டு தந்தை மறைந்தார். மருத்துவராகலாம் என்று பிலடெல்பியா சென்றார். உடல் ஒத்துழைக்கவில்லை, படிப்பு நின்றது. பின்னர் ஐரோப்பியப் பயணம். 1883இல் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, ஒரு சனிக்கிழமை இரவு, அழுகிய காய்கறிகளை ஏலம் விடக் கண்டார். விளக்கொளியிலே நீண்டிருந்த நூற்றுக்கணக்கான கைகள்! வேலைசெய்து வேலைசெய்து தேய்ந்த கைகள், அழுகலுக்காக ஏங்கிய கைகள். அந்தக் கைகள் அவரை உறங்கவிடவில்லை. படித்தோம், பார்த்தோம், பரிதாபப்பட்டோம். ஆனால் என்ன செய்தோம்? பணமும் படிப்பும் பெற்றும் பயனற்றுப் பொழுது கழிக்கிறோமே என்று ஆண்டுக்கணக்கிலே நொந்தார். 1888இல் மீண்டும் லண்டனுக்கு வந்தபோது, டாயன்பி மன்றத்தைக் கண்டார். பல்கலைக்கழகத்து இளைஞர்கள் ஏழைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து பணியாற்றும் இல்லம் அது. வழி தெரிந்துவிட்டது.

1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18. கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்பவரோடு சிகாகோவின் ஆல்ஸ்டெட் தெருவிலே, ஹல் என்ற செல்வர் முன்பு கட்டிய பழைய மாளிகையிலே குடியேறினார் ஆடம்ஸ் அம்மையார். சுற்றிலும் யார்? இத்தாலியர், ஜெர்மானியர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர், பொஹீமியர், ஐரிஷ்காரர், கிரேக்கர். பிழைக்க வந்தவர்கள்; மொழி புரியாமல் விழித்தவர்கள்; தங்கள் பிள்ளைகளாலேயே பட்டிக்காட்டார் என்று இகழப்பட்டவர்கள். பத்தொன்பதாவது வார்டு என்பது அந்தப் பகுதிக்கு நகராட்சி கொடுத்த பெயர். ஐம்பதாயிரம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குழந்தைகள் ஓடியாட ஒரு திடல் இல்லை. மதுக்கடைகளோ, 250க்கும் மேல்!

ஆட்டத்துக்கு இடமில்லை, குடிக்கு இடமுண்டு. இதைவிடத் தெளிவாக ஒரு சமுதாயம் தன் இளைஞர்களை எங்கே போகச் சொல்கிறது என்பதைக் காட்ட முடியுமா?

மாளிகையின் கதவு திறந்தது. முதலிலே மழலையர் பள்ளி. அடுத்துச் சிறுவர் கழகங்கள், சிறுமியர் கழகங்கள். கதை, பாட்டு, ஓவியம், தையல். இரண்டாம் ஆண்டிலேயே வாரத்துக்கு 2000 பேர் வந்துபோனார்கள். நல்ல காரியம், நாலு பேர் பாராட்டும் காரியம். தருமவான்கள் பணம் கொடுப்பார்கள், பத்திரிகைகள் புகழும், படம் வெளிவரும். இந்த அளவோடு அம்மையார் நின்றிருந்தால், இன்று அவரைப்பற்றி நாம் எழுதவேண்டிய தேவை இராது. அவரை நிற்கவிடாமல் செய்தது ஒரு கிறிஸ்துமஸ் விழா.

மாளிகையிலே அவர்கள் கொண்டாடிய முதல் கிறிஸ்துமஸ். விழாவுக்கு வந்த சிறுமியருக்கு மிட்டாய் நீட்டினார்கள். சிலர் வாங்கவில்லை. வேண்டாம் என்றார்கள். குழந்தை மிட்டாயை மறுப்பதுண்டா? விசாரித்தார்கள். மிட்டாய்த் தொழிற்சாலையிலே வேலை செய்கிறோம், மிட்டாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார்கள் அந்தச் சிறுமியர். பண்டிகைக் காலத்து அவசரத்திலே காலை 7 மணிக்கு வேலைக்குப் போய் இரவு 9 மணிவரை உழைத்தார்களாம். பதினான்கு மணி நேரம்! ஊரார் பிள்ளைகள் உண்டு மகிழ்வதற்காக மிட்டாயைப் பொட்டலம் கட்டிக் கட்டி, இனிப்பே கசந்துபோன பிஞ்சு உள்ளங்கள். எந்தப் பண்டிகைக்காக அவர்கள் உழைத்தார்களோ, அந்தப் பண்டிகை அவர்களுக்கு எஞ்சவில்லை.

அதே குளிர்காலத்திலே இன்னொரு செய்தி. மாளிகையின் சிறுவர் கழகத்தைச் சேர்ந்த மூவர், அருகிலிருந்த தொழிற்சாலையொன்றில், ஒரே இயந்திரத்திலே சிக்கிக் காயமுற்றார்கள். ஒருவன் மாண்டான். இயந்திரத்துக்கு ஒரு காப்புத் தடுப்பு இருந்திருந்தால் விபத்தே இல்லை. தடுப்பின் விலை சில டாலர்கள். சிறுவன் செத்தபின்னாவது முதலாளிகள் துடிப்பார்கள், தடுப்பைப் பொருத்துவார்கள் என்று அம்மையார் எதிர்பார்த்தார். அவர்கள் ஏதும் செய்யவில்லை. வேலைக்குச் சேரும்போதே பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த தாள் இருந்தது. விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்கமாட்டோம் என்ற தாள்.

இந்த இரண்டும் அம்மையாரின் கண்ணைத் திறந்தன. மாலையிலே மாளிகைக்கு வா, பாடு, ஆடு என்று அழைக்கிறோம். ஆனால் பிள்ளையின் மாலைப்பொழுது பிள்ளையிடம் இல்லையே! அது ஆலைக்காரனிடம் அடகு வைக்கப்பட்டிருக்கிறதே! அடகை மீட்காமல் ஆடுகளம் அமைப்பது, வாய் கட்டப்பட்டவன் முன்னே வடையும் பாயசமும் வைப்பதாகும்.

மீட்பது என்றால் சட்டம். 1891இல் மாளிகைக்கு வந்து சேர்ந்த பிளாரன்ஸ் கெல்லி என்ற வீராங்கனை, வீடு வீடாக, பட்டறை பட்டறையாகச் சென்று, எத்தனை குழந்தைகள் எத்தனை மணி நேரம் உழைக்கின்றன என்று கணக்கெடுத்தார். சட்டம் வேண்டும் என்று மாளிகையார் குரலெழுப்பினார்கள். எதிர்ப்பு ஆலையிலிருந்து வந்தது, வியப்பில்லை. ஏழைப் பெற்றோரிடமிருந்தும் வந்தது. பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பு எப்படி எரியும் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அம்மையார் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அடுப்பெரியக் குழந்தையை விறகாக்கலாகாது என்பதிலே அசையவும் இல்லை.

அப்போதுதான் ஆசை காட்டினார்கள். சட்டம் கேட்கும் வேலையை விட்டுவிடுங்கள், மாளிகையின் நற்பணிகளுக்கு 50,000 டாலர் தருகிறோம் என்று ஆலை முதலாளிகள் சார்பிலே தூது வந்தது. 50,000 டாலர் அந்தக் காலத்திலே சிறு தொகையல்ல. எத்தனை ஆடுகளம் கட்டலாம், எத்தனை ஊஞ்சல் போடலாம்! அம்மையார் மறுத்துவிட்டார். மறுத்தது பெரிதல்ல, அதன்பின் அவர் வருந்திய விதந்தான் பெரிது. தந்தையார் மாநில மேலவையிலே இருந்த காலமெல்லாம் அவரிடம் எவரும் கையூட்டுப் பேச்செடுக்கத் துணிந்ததே இல்லையாம். அப்படிப்பட்டவரின் மகளிடம் பேரம் பேசத் துணிந்தார்களே, நம்மிடம் என்ன குறை கண்டார்கள் என்று கூனிக்குறுகினார்.

1893இல் இல்லினாய் மாநிலத்திலே சட்டம் வந்தது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையிலே வேலைக்கு வைக்கக்கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. ஆல்ட்கெல்ட் என்ற ஆளுநர், கெல்லி அம்மையாரையே தலைமை ஆலை ஆய்வாளராக அமர்த்தினார். 1895இல் எட்டு மணி நேர விதி செல்லாது என்று மாநில உச்சநீதிமன்றம் தள்ளிற்று. 1897இல் புதிய ஆளுநர் வந்ததும் கெல்லியின் பதவியும் போயிற்று. ஏறிய படியிலிருந்து சறுக்கத்தான் செய்தார்கள். ஆனால் குழந்தையின் நேரம் குழந்தைக்கே சொந்தம் என்ற கருத்து சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது.

நேரத்துக்கு அடுத்தது இடம். மாளிகைக்கு அருகிலே வில்லியம் கென்ட் என்ற இளம் செல்வருக்குச் சொந்தமான வாடகை வீடுகள் இருந்தன, இடிந்தவை, நாற்றமெடுத்தவை. மாளிகையார் பலரறியக் கண்டித்தார்கள். கென்ட் சினம்கொண்டு வந்தார், சிந்தித்துத் திரும்பினார். அந்த வீடுகளை மாளிகைக்கே தருவதாகச் சொன்னார். பழுதுபார்க்கக்கூட இலாயக்கற்ற வீடுகள் எதற்கு? இடித்துவிட்டு மண்ணைக் கொடுங்கள் என்றார் அம்மையார். இடித்தார்கள். 1890களின் முற்பகுதியில் அந்த மண்ணிலே ஊஞ்சல் ஆடிற்று, மணற்குழியிலே மழலைகள் புரண்டன, பெரிய பையன்கள் பந்தாடினார்கள். சிகாகோ கண்ட முதல் பொது விளையாட்டுத் திடல்களிலே அதுவும் ஒன்று. மாளிகையின் காப்பிக் கடையும் உடற்பயிற்சிக் கூடமும் 1893இல் எழுந்தன. மதுக்கடையைத் திட்டித் தீர்ப்பதைவிட, மதுவில்லாமல் இளைஞர் கூடிப் பேச ஓரிடம் கொடுப்பது மேல் என்பது அம்மையாரின் கணக்கு.

திடல் மட்டும் போதுமா? திடலுக்குப் போகும் தெரு குப்பைமேடாக இருந்தது. குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்குத் தாமே மனுப்போட்டார் அம்மையார். மனு தள்ளுபடி. ஆனால் ஊர் சிரித்ததால் நகரத் தலைவர் 1895இல் அவரை அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக அமர்த்தினார். செல்வர் மகள், ஐரோப்பா கண்ட சீமாட்டி, விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே போனார். ஒரு சந்திலே தோண்டிப் பார்த்தால், ஒன்றரை அடிக் குப்பைக்குக் கீழே கல் பாவிய சாலை இருந்ததாம்! அங்கே குடியிருந்தவர்களே அறியாத சாலை.

குப்பையைக் கிளறினால் அரசியல் வரும். அந்த வார்டின் நகரமன்ற உறுப்பினர் ஜானி பவர்ஸ், வேலை வாங்கிக் கொடுத்தும், பிணம் எடுக்கப் பணம் கொடுத்தும், வாக்கைக் கைக்குள் வைத்திருந்தவர். அவரை வீழ்த்த மாளிகையார் 1896இலும் 1898இலும் எதிர்வேட்பாளருக்காகப் பாடுபட்டார்கள். தோற்றார்கள். தோல்வியிலே அம்மையார் கற்ற பாடம் ஒன்று உண்டு. பவர்சை ஏழைகள் விரும்பியது அறியாமையால் அல்ல. சாவுக்கும் வாழ்வுக்கும் வீடு தேடி வந்தவர் அவர் என்பதால். நல்லவர்கள் மேடையிலே இருந்தார்கள், அவர் வாசற்படியிலே இருந்தார். ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுவோர் மனத்திலே பதிக்கவேண்டிய பாடம் இது.

நேரமும் இடமும் கிடைத்தபின் மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது: மதிப்பு. பழம் விற்றும் மூட்டை சுமந்தும் பிழைத்த கிரேக்க இளைஞர்களை அமெரிக்கர் அற்பமாக நினைத்தார்கள். அவர்களோ ஹோமரின் வாரிசுகள்! 1899இல் ஒடிசியஸ் வீடு திரும்பிய கதையை மாளிகையிலே நாடகமாக நடித்தார்கள். 1903இல் சோபோகிளீசின் அஜாக்ஸ் நாடகம். பகலிலே கூடை சுமந்த தோள், இரவிலே காவிய வீரனின் தோளாயிற்று. பேராசிரியர்களும் பிரபுக்களும் வந்து பார்த்தார்கள். நாடகம் பொழுதுபோக்கு என்போர் உண்டு. ஆம், பொழுது போயிற்று. கூடவே தாழ்வு எண்ணமும் போயிற்று!

1900இல் தொழில்கலைக் காட்சியகம் ஒன்றும் தொடங்கினார்கள். குடியேறிய தாய்மார்கள் தங்கள் நாட்டு முறையிலே நூல் நூற்றும் நெய்தும் காட்டினார்கள். மாளிகைக்குச் சமையல் படிக்க வரும் ஓர் இத்தாலியப் பெண், தலையிலே துணி கட்டி நாட்டுப்புறக் கோலத்திலே வரும் தன் தாயைக் கண்டு வெட்கி, தான் வேறு வாசலாலே நுழைவாளாம். ஒரு நாள், கதிர் சுழற்றி நூற்கும் அந்தத் தாயைச் சூழ்ந்து படித்தவர்கள் வியந்து நிற்பதைக் கண்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே வாசலாலே வந்தார்கள். தந்தையருகே நடக்கக் கூசிய சீடர்வில் சிறுமியை நினைவிருக்கிறதா? ஒரு பிள்ளையின் கூச்சம் எப்படி நெஞ்சை அரிக்கும் என்பதை அறிந்தவரால்தான் இன்னொரு பிள்ளையின் கூச்சத்தைத் துடைக்க முடிந்தது.

இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி 1909இல், இளமையின் உணர்வையும் நகரத் தெருக்களையும்பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் இது. பகலிலே இளைஞரின் உழைப்பை ஒழுங்காகத் திரட்டத் தெரிந்த நகரம், மாலையிலே அவர்களின் மகிழ்ச்சியை வியாபாரிகளிடம் விட்டுவிடுகிறது. துணிச்சலைத் தேடுவது இளமையின் குற்றமல்ல. சிகாகோவின் இளஞ்சிறார் நீதிமன்றம் 1899இல் தோன்றியது, அமெரிக்காவிலேயே முதலாவது. அங்கே நிறுத்தப்பட்ட சிறுவர்கள் செய்ததென்ன? ஓடும் இரயில்மீது கல்லெறிந்தார்கள், கொடி காட்டி வண்டியை நிறுத்தினார்கள். பந்தெறிய இடமிருந்தால் கல்லெறிவானா என்பதே நூலின் கேள்வி. கேட்டதற்கேற்பச் செய்தும் பார்த்தார். மலிவான சலனப்படக் கொட்டகைகள் சிறுவர்களை இழுக்கின்றன என்று கண்டதும், அவற்றை மூடச்சொல்லிக் கூவுவதோடு நில்லாமல், 1907இல் மாளிகையிலேயே ஐந்து காசுக் கொட்டகை நடத்திப் பார்த்தார். அது நீடிக்கவில்லை, ஆனால் முயன்று பார்க்காமல் பழித்தார் என்ற சொல் அவருக்கில்லை.

1906இல் அமெரிக்க விளையாட்டுத் திடல் சங்கம் தோன்றியபோது அதிலும் முன்நின்றார். 1912இல் லூயிஸ் பவென் என்ற செல்வச் சீமாட்டி தம் கணவரின் நினைவாகச் சிகாகோவுக்கு வடக்கே 72 ஏக்கர் நிலம் தந்தார். சந்திலே வளர்ந்த பிள்ளைகள் கோடையிலே அங்கே சென்று மரத்தையும் புல்லையும் கண்டார்கள். மாளிகையின் சிறுவர் பேண்டிலே வாசித்துப் பழகியவர்களிலே ஒருவன் ஏழைத் தையற்காரரின் மகன். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவன். பென்னி குட்மன் என்ற பெயரிலே பின்னாளில் உலகமே அவன் கிளாரினெட்டைக் கேட்டது. ஆயினும் ஒரு குட்மன் கிடைத்தான் என்பதற்காக மட்டுமல்ல அந்த பேண்டு. புகழ்பெறாத மற்றப் பிள்ளைகளும் வாசித்தார்களே, மகிழ்ந்தார்களே, அதற்காகவும்!

முதல் உலகப்போர் வந்தபோது போர் கூடாது என்றார். 1915இல் ஹேக் நகரிலே கூடிய மகளிர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். நேற்றுவரை புகழ்ந்த பத்திரிகைகள் ஏசின. நாட்டுக்கு ஆபத்தானவர் என்றார்கள். அவர் மாறவில்லை, காலம் மாறிற்று. 1931இல் நோபல் பரிசு, நிக்கலஸ் மரே பட்லரோடு பகிர்ந்து கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. 1935ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மறைந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்த ஹல் மாளிகையின் பெரும்பகுதியை, பல்கலைக்கழக வளாகத்துக்காக 1963இல் இடித்தார்கள். பழைய மாளிகை அருங்காட்சியகமாயிற்று. அதன் பணிகளைத் தொடர்ந்த சங்கமும் பணமின்றி 2012இல் மூடப்பட்டது. பார்த்தீர்களா, எல்லாம் போயிற்று என்பார் இருப்பர். போனவை செங்கல்லும் சங்கமும். குழந்தை ஆலைக்குப் போகலாகாது, நகரத்திலே திடல் இருந்தாக வேண்டும், தவறிய சிறுவனைக் கொலைகாரனோடு ஒரே கூண்டில் நிறுத்தலாகாது என்பவை இன்று நாகரிக நாடுகள் ஒப்புக்கொண்ட உண்மைகள். அவற்றை ஒப்புக்கொள்ளவைத்தவர்களிலே அந்த வளைந்த முதுகுக்காரியும் ஒருவர்.

எனவே, ஊர் இளைஞர்களுக்கு ஒரு பந்தும் வலையும் வாங்கிக் கொடுக்க முன்வரும் நல்லவர்களை நாம் வரவேற்கிறோம். வாங்கிக் கொடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பந்தை நீட்டும்போது, அதை வாங்க வராமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை யார் என்று ஒரு கணம் பாருங்கள். அவன் ஏன் வரவில்லை, எந்தக் கடையிலே எத்தனை மணிவரை நிற்கிறான், அவன் தெருவிலே திடலுக்கென்று இருந்த மண் யார் வேலிக்குள் போயிற்று, அவனைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் கூசுகிறார்களா என்று விசாரியுங்கள். மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமியரை விசாரித்ததிலிருந்துதான் ஒரு சட்டமே பிறந்தது. கொடுப்பது எளிது, விசாரிப்பதுதான் கடினம். விசாரித்தபின் சும்மா இருப்பது, நெஞ்சுள்ளவர்க்கு அதைவிடக் கடினம்.